உள்வீட்டில் உறவு சொல்லக் கூடாது

திருகோணமலை லிங்கநகர்ச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் ஜெயரூபிக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது காதுதான். அன்றைக்குக் காலை முழுவதும் அவளுடைய காது சிவந்தபடியே இருந்தது. வருடக்கணக்காக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த 'கோணைப் பெண்டுகள்' என்ற இணையக் குழுவை, அதை வைத்திருந்த பெரிய கம்பனி சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது. கம்பனியின் பெயரைச் சொன்னால் அதுவும் ஒரு விளம்பரமாகிவிடும், வேண்டாம். 'உங்கள் குழு எமது சமூகத் தரங்களுக்கு ஒவ்வாதது' என்று ஒரே ஒரு வரி வந்தது. யார் முறைப்பாடு செய்தார், எந்தப் பதிவுக்காக, ஒன்றும் இல்லை. அவள் விளக்கம் கேட்டு எழுதினாள். ஒரு இயந்திரம் பதில் சொன்னது. திரும்பவும் எழுதினாள். அதே இயந்திரம் அதே பதிலைச் சொன்னது.

"சமூகமாம், தரமாம். இந்தச் சந்தியில ஒரு நாள் வெயிலுக்க நிண்டு பாத்திருப்பினமோ அவை?" என்று கணவன் கஜீபனிடம் பொரிந்து தள்ளினாள்.

கஜீபன் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவன். எது கெட்டுப்போனாலும் "நான் அப்பவே சொன்னனான்" என்பான். எப்போது, யாரிடம் சொன்னான் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டுப் பாணைக் கறியில் தோய்த்தான்.

அந்தக் குழுவில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். நல்ல சட்டை தைப்பவள் யார், எந்தப் பக்கம் தண்ணீர் வெட்டு, பிள்ளைக்குச் சளி என்றால் எந்த டொக்டர், இப்படித்தான் முக்கால்வாசியும். மாமியாரைப் பற்றிய புலம்பல் மிச்சம். இதை இழுத்து மூட ஒரு கம்பனிக்கு நேரம் கிடைத்தது என்றால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும். இருந்தார். பெயர் தம்பிராசா.

துறைமுகப் பக்கத்தில் 'கடல்முத்து' என்று ஒரு இறால் பதனிடும் இடம் தம்பிராசாவுடையது. கோயில் திருவிழா என்றால் உபயகாரர், விளையாட்டுக் கழகம் என்றால் போஷகர், மரண வீடு என்றால் முதல் மாலை அவருடையது. பாலையூற்றுப் பெண்களும் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்களும் அவரிடம் இறால் உரித்தார்கள். வாசலில் ஒரு நீல நிற மீன் பெட்டி இருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் தன் போனை அதில் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, பூட்டை எடுத்துவிட்டுப் போட வேண்டும். உள்ளே படம் பிடித்து வெளியே அனுப்பாமல் பார்க்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். பெட்டி நேரே முதலாளியின் கந்தோர் அறைக்குள் போகும். வேலை முடிந்த பிறகுதான் திரும்பி வரும்.

ஒருத்தியும் மறுத்ததில்லை. யுத்தகாலத்துச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வாயை மட்டும் திறக்காமல் வளர்ந்த தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள். ஒரு பெட்டியை நீட்டினால் அதில் எதையாவது போட வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட்டது. யாரோ ஒரு பெண் மாத்திரம் அந்த நீலப் பெட்டியைப் படம் எடுத்து, 'இது சரியோ?' என்று கேட்டுக் கோணைப் பெண்டுகளில் போட்டாள். அவ்வளவுதான். விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் எல்லோருக்கும் வேலை கொடுக்கப்பட்டது. ஆளுக்கு ஆள் முறைப்பாடு அடித்தார்கள். குழு போய்விட்டது.

ஜெயரூபிக்கு இது ஏன் இவ்வளவு சுட்டது என்பதை விளங்கிக்கொள்ள அவளுடைய பழைய வேலையைத் தெரிந்திருக்க வேண்டும். உயர்தர வகுப்பு முடித்த கையோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிக்கேசனில் சேர்ந்தவள் அவள். வீடுகளில் தொலைபேசி இல்லாத காலம். வெளிநாட்டில் பிள்ளை இருப்பவர்கள், இல்லாதவர்கள், பிள்ளை எங்கே என்றே தெரியாதவர்கள் எல்லோரும் அந்தப் பலகைத் தடுப்புக்குள் வந்துதான் கதைத்தார்கள். ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம் ரிசீவரோடு அவர்கள், இந்தப் பக்கம் கதிரையில் இவள். யார் யாரைக் கைவிட்டார், யார் வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார், எல்லாம் அவள் காதில் விழுந்தது. ஒன்றுகூட வாயால் வெளியே வரவில்லை. பெற்ற தாய் கேட்டும் சொல்லவில்லை, கூடப்பிறந்த அக்கா பிரசாந்தினி கேட்டும் சொல்லவில்லை.

கஜீபனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவனும் அந்தத் தடுப்புக்குள் நின்று, லண்டனில் இருந்த மாமனிடம் தன்னை எப்படியாவது கூப்பிடச் சொல்லிக் கெஞ்சி அழுதான். மாமன் முடியாது என்று வைத்துவிட்டார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது இவள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சுவார்த்தையாகி அவனையே கட்டினாள். 'வெளிநாடு போறதில எனக்கு எப்பவுமே விருப்பமில்லை' என்று அவன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லும்போது, 'ஓம், அவருக்கு ஊர்தான் பிடிக்கும்' என்று இவளும் தலையாட்டுவாள். தான் கேட்டது இன்றுவரை கஜீபனுக்குத் தெரியாது. அடுத்தவர் கதையைக் காப்பாற்றத் தெரிந்தவள் என்பதுதான் ஜெயரூபியின் முழுத் திமிரும்.

குழு மூடப்பட்ட கிழமை, உயர்தரத்தில் கூடப் படித்த இராகுலனை அழைத்தாள். அவன் ஜேர்மனியில் கணினி வேலை செய்கிறான்.

"உங்கட குழு அவங்கட காணியில போட்ட கொட்டில், ஜெயரூபி. அவங்களுக்கு மனமில்லாட்டிப் பிடுங்கி எறிவாங்கள்" என்றான் அவன். "சொந்தமா ஒரு வீடு போடுங்கோ. சின்னனா இருந்தாலும் பரவாயில்லை. உலகத்தில கனபேர் அப்பிடித்தான் இப்ப செய்யினம். ஆளாளுக்கு ஒரு சேர்வர், தங்கட தங்கட வீட்டில இருந்துகொண்டு மற்ற வீடுகளோட கதைக்கலாம். இங்க எழுதுறது அங்கயும் போகும், அங்க எழுதுறது இங்கயும் வரும். ஒட்டுமொத்தமா இழுத்து மூடுறதுக்கு நடுவில ஒரு முதலாளி இல்லை."

முதலாளி இல்லை என்ற சொல் அவளுக்கு இனித்தது. இராகுலனே தூரத்திலிருந்து வீட்டைப் போட்டுக் கொடுத்தான். அவள் அதற்கு 'உள்வீடு' என்று பெயர் வைத்தாள். கடைச் சுவரில் ஒரு அறிவித்தலும் ஒட்டினாள்: 'உள்வீட்டுக்கு வாருங்கள். இங்கே எங்களை ஒருத்தராலும் அழிக்க முடியாது.'

வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். முன்பு கோணைப் பெண்டுகளில் விழுந்து விழுந்து எழுதியவர்கள் எல்லாம் இப்போது கடைக்கு வந்து, "அங்க ஆர் இருக்கினம்? எங்கட ஆக்கள் எல்லாம் பழைய இடத்திலதானே" என்றார்கள். தங்களை உதைத்தவனின் வாசலிலேயே போய்த் திரும்பவும் படுத்துக்கொள்கிற சனத்தைப் பார்க்க ஜெயரூபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போங்கோ, போய்க் கிடவுங்கோ. அவன் உங்கட படத்தையும் வித்து, உங்கட கதையையும் வித்து, பிறகு உங்களையே வெளியில தள்ளுவான்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அதனால் இரண்டொரு வாடிக்கையாளரும் போனார்கள்.

உள்வீட்டில் அவள் போட்ட விதிகள் கடுமையானவை. சொந்தப் பெயர் கூடாது. தெரு, வேலை செய்யும் இடம், பிள்ளையின் பள்ளிக்கூடம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் ஒன்று: 'இங்கே உறவு சொல்லி அழைக்கக் கூடாது. மாமியும் இல்லை, மச்சாளும் இல்லை. உறவு தெரிந்தால் ஆளும் தெரியும்.' அது உண்மைதான். பெயரை மறைக்க யாராலும் முடியும். எங்கள் சனத்துக்குப் பெரியம்மாவைப் பெரியம்மா என்று அழைக்காமல் இருக்கத்தான் முடியாது. மூத்தவளைப் பேர் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்கிற மாதிரி வளர்த்துவிட்டிருக்கிறார்கள். ஒருத்தி 'மாமி' என்றால் அந்த மாமிக்கு எத்தனை மருமகள் என்று எண்ணிப் பார்க்கப் பாலையூற்றில் எந்த வீட்டிலும் ஆள் உண்டு.

'மஞ்சள் குடை' என்ற பெயரில் எழுதிய ஒருத்தி ஒருநாள் வேறொருத்திக்கு 'ஓம் ராத்தா' என்று, அதாவது 'ஓம் அக்கா' என்று, பதில் போட்டாள். ஜெயரூபி அதை உடனே அழித்து, எல்லோரும் பார்க்க ஏசியும் எழுதினாள். அடுத்த நாள் ஒரு பெண் கடைக்கு வந்து நின்றாள். கிண்ணியாவைச் சேர்ந்த சுஹைரா, கடல்முத்துவில் வேலை.

"அந்த மஞ்சள் குடை நான்தான் அக்கா. சொந்த ராத்தாவ ராத்தா எண்டு கூப்பிடாம வேற என்னெண்டு கூப்பிடுற?"

"நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாம இருந்தது. இப்ப நீங்களே வந்து சொல்லிப்போட்டியள். உந்த வாயாலதான் எல்லாரும் மாட்டுறது" என்றாள் ஜெயரூபி.

சுஹைராவின் முகம் கறுத்தது. ஆனாலும் அவள் உள்வீட்டை விட்டுப் போகவில்லை.

பிறகுதான் 'உப்புக்காற்று' என்ற பெயரில் ஒருத்தி எழுதத் தொடங்கினாள். பெட்டிக்குள் போகிற போன்கள் கந்தோரில் சும்மா கிடப்பதில்லை என்று அவள் எழுதினாள். மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார். படங்களைப் பார்க்கிறார். புருசனுக்கு ஏன் இப்படி எழுதினாய், சிநேகிதிக்கு ஏன் அப்படி எழுதினாய் என்று பெண்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். சம்பளத்தைப் பற்றி முணுமுணுத்தவள் யார் என்பது தம்பிராசாவுக்கு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடுகிறது.

உப்புக்காற்று யார் என்பது ஜெயரூபி ஒருத்திக்கே தெரியும். அது அக்கா பிரசாந்தினியின் ஒரே மகள் நிவேதிகா. இருபத்திரண்டு வயது, கடல்முத்துவில் இறால் தரம் பிரிக்கிற வேலை. அவளே ஒருநாள் கடைக்கு வந்து, "சீனியம்மா, எனக்கும் ஒரு பெயர் போட்டுத் தாங்கோ" என்று கேட்டாள். வாசலில் கொடுக்கிற போனில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று, வீட்டில் கிடந்த ஒரு பழைய டப்லெட்டில் எழுத ஜெயரூபிதான் பழக்கினாள். தாய்க்குக்கூடத் தெரியாது.

சீனியம்மா என்பது அந்தக் குடும்பத்தின் சொல். தாயின் தங்கையைச் சிலர் சித்தி என்பார்கள், சிலர் குஞ்சம்மா என்பார்கள். நிவேதிகா குழந்தையாக இருந்தபோது, வரும்போதெல்லாம் வாயில் கற்கண்டு போட்டுவிடுகிறவள் என்று ஜெயரூபிக்கு அந்தப் பெயரைத் தாய் பழக்கினாள். ஜெயரூபிக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கும் ஒன்றே ஒன்றுதான். உலகத்தில் அவளைச் சீனியம்மா என்று கூப்பிட ஒரே ஒரு வாய்தான் உண்டு. அது ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டு வளர்ந்த வாய்.

உப்புக்காற்றின் பதிவைப் படம் எடுத்துச் சனம் போனுக்குப் போன் அனுப்பியது. ஊர் கதைத்தது. தம்பிராசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் இந்த முறை முறைப்பாடு அடித்து மூட ஒரு கம்பனி இல்லை. அதனால் கழகத்துப் பொடியன்கள் தாங்களே ஒரு வீடு போட்டார்கள். யாரும் போடலாம் என்றால் அவர்களும் போடலாம்தானே. 'கோணைச் சிங்கங்கள்' என்று பெயர். அங்கிருந்துகொண்டு உப்புக்காற்றுக்குக் கீழே எழுதியதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது. அந்தச் சொற்களை அச்சில் போட்டால் கடதாசி வெட்கப்படும்.

"அந்த வீட்டுப் பக்கம் கதவைப் பூட்டிவிடுங்கோ. உங்களுக்கு அதுக்கு உரிமை இருக்கு" என்று இராகுலன் சொன்னான். "அவங்கள் எழுதிறது உங்களுக்கு வராது. நீங்கள் எழுதிறதும் அவங்களுக்குப் போகாது."

"பூட்டமாட்டன். என்ன எழுதுறாங்கள் எண்டு நான் பாக்கவேணும்" என்றாள் ஜெயரூபி. பயந்து கதவைச் சாத்தினாள் என்று அந்தப் பொடியன்கள் சொல்வதை அவளால் தாங்கிக்கொள்ள முடியாது. அந்த ஒரு பிடிவாதம்தான் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்தது.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா நாள் கடல்முத்துவுக்கு விடுமுறை. ஜெயரூபியின் கடை திறந்திருந்தது. காலையிலேயே சிங்கங்களில் ஒருவன் உப்புக்காற்றைப் பார்த்து எழுதியிருந்தான்: 'ஆளைப் பிடிச்சா என்ன செய்யவேணும் எண்டு எங்களுக்குத் தெரியும்.' அதற்குக் கீழே என்ன செய்வார்கள் என்று மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லியிருந்தார்கள். வாசித்துக்கொண்டு போகப் போக ஜெயரூபியின் காது சிவந்தது. நாசமாய்ப் போவார் என்று வாய் விட்டே சொன்னாள். பிறகு எழுதினாள்:

'நீ ஒண்டுக்கும் பயப்படாத. சீனியம்மா உயிரோட இருக்கிறவரைக்கும் உன்னில ஒருத்தனும் கை வைக்க ஏலாது.'

அந்த நேரம் பார்த்து அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க ஒரு வயதானவர் வந்தார். அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் போனைப் பார்த்தாள். அவளுடைய வரிக்குக் கீழே பாலையூற்றில் சும்மா வீட்டிலிருந்த உப்புக்காற்று பதில் போட்டிருந்தாள்.

'ஓம் சீனியம்மா.'

அப்போதுதான் ஜெயரூபிக்கு உறைத்தது. உள்வீட்டின் சொந்தக்காரி யார் என்பது ஊருக்கே தெரியும், அறிவித்தலே அவள் கடைச் சுவரில்தான் இருக்கிறது. ஜெயரூபியைச் சீனியம்மா என்று கூப்பிடுவது யார் என்பதும் பாலையூற்றுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு படிப்பும் தேவையில்லை. இரண்டு வரிகளையும் உடனே அழித்தாள். அழித்துவிட்டு இராகுலனை அழைத்தாள்.

"எங்கட வீட்டில அழிஞ்சுபோச்சு" என்றான் அவன், தேடிப் பார்த்துவிட்டு. "மற்ற வீடுகளுக்கும் அழிக்கச் சொல்லிப் போயிருக்கு. கனபேர் அழிச்சிட்டினம். ஆனா அழிக்கிறதும் வைக்கிறதும் அந்தந்த வீட்டுக்காரற்ற விருப்பம், ஜெயரூபி. சிங்கங்களின்ட வீட்டில அப்பிடியே இருக்கு."

"நீர் ஏதாவது செய்யும்."

"நான் என்ன செய்யிறது? இழுத்து மூட ஒரு முதலாளி இல்லாத இடம் எண்டுதானே போனனாங்கள்."

அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தாள். எங்களை ஒருத்தராலும் அழிக்க முடியாது என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை தம்பிராசா கடைக்கு வந்தார். வெள்ளைச் சேர்ட், திருநீறு, அலுங்காத சிரிப்பு. கையில் ஒரு கடதாசி. அதை மேசையில் அவளுக்கு நேராகத் திருப்பி வைத்தார். சிங்கங்களின் வீட்டிலிருந்து எடுத்தது. அவளுடைய வரியும் கீழே நிவேதிகாவின் வரியும் பெரிதாக அச்சாகியிருந்தன.

"இதில ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ தங்கச்சி" என்றார்.

ஜெயரூபி அசையவில்லை. "மெசினில மை இல்லை."

"பரவாயில்லை. பக்கத்துக் கடையில எடுக்கிறன்." அவர் கடதாசியைப் பக்குவமாக மடித்தார். "உங்கட பெறாமகள் நல்ல பிள்ளை. தாயும் நல்ல மனுசி. பிள்ளைக்கு ஆரோ விசர்க்கதை சொல்லிக் குடுத்திருக்கினம். தான் எழுதினது எல்லாம் பொய் எண்டு ஒருக்கா எழுதிவிடச் சொல்லுங்கோ. சொந்தப் பேரோட. இல்லாட்டி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்காம், இணையத்தில பொய் எழுதினா வழக்காம். லோயர் சொன்னவர். எனக்கு உதுகளில விருப்பமில்லை."

"நீங்கள் பொம்பிளையளின்ட போனைத் தோண்டினது பொய்யோ?"

"அவை தாங்களாத்தானே தந்தவை, தங்கச்சி. பூட்டையும் தாங்களே எடுத்துவிட்டுத்தானே தந்தவை." வாசலில் நின்று திரும்பினார். "நீங்களும் அப்பிடித்தானே. ஒருத்தரும் உங்களிட்டப் பறிக்கேல்லையே."

அவர் போன பிறகு ஜெயரூபி கடையைச் சாத்திவிட்டுப் பாலையூற்றுக்குப் போனாள். அவள் படலையைத் திறக்க முன்னமே பிரசாந்தினி வெளியே வந்துவிட்டாள். கதை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

"வா. வந்து இரு. என்ட பிள்ளையை ஊர் வாயில போட்டாச்சுத்தானே, இனி ஆறுதலா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள் அக்கா. "பிள்ளை எழுதுறாள் எண்டு தாய் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஒருத்தற்ற கதையையும் வெளியில விடமாட்டன் எண்டு பெரிசாச் சொல்லித் திரிஞ்சனீ. ஊரில உள்ள எல்லாற்ற கதையையும் வைச்சிருந்தாய், இந்த ஒண்டை வைச்சிருக்க ஏலாமப் போச்சோ?"

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்ற நிவேதிகா உள்ளேயிருந்து வந்தாள். அழுததற்கான அடையாளம் எதுவும் இல்லை. அதுதான் ஜெயரூபிக்குப் பயமாக இருந்தது.

"நிவே, நான் ஒரு அறிவித்தல் போடுறன். அது வேற ஆள், எனக்குத் தெரிஞ்ச இன்னொரு பிள்ளை எண்டு. என்னைப் பகிடிக்குச் சீனியம்மா எண்டு கூப்பிடுறவள் எண்டு..."

"ஒண்டும் எழுதாதேங்கோ" என்றாள் நிவேதிகா. "நான் உங்களிட்டக் காவல் கேட்டனானோ? ஒரு பேர்தான் கேட்டனான். நீங்கள் கூப்பிட்டா நான் ஓம் எண்டு சொல்லிப்போடுவன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? சின்னனில இருந்து அப்பிடித்தானே."

"கோபத்தில எழுதிப்போட்டன்."

"உங்கட கோபம் உங்களுக்குப் பெரிசு. சுஹைராக்கா ராத்தா எண்டதுக்கு எல்லாருக்கும் முன்னால ஏசினீங்கள்."

அடுத்த நாள் காலை நிவேதிகா வேலைக்குப் போனாள். வரவேண்டாம் என்று அவள் சொல்லியும் ஜெயரூபியும் போனாள். கடல்முத்து வாசலுக்கு எதிரே பஸ் தரிப்பிடத்தில், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். காவலாளியின் காலடியில் நீலப் பெட்டி இருந்தது. இறால் லொறி உள்ளே வந்து நின்று ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. தம்பிராசாவும் வந்திருந்தார். மன்னிப்பு எழுத ஒரு பிள்ளை வருவாள் என்ற நினைப்பு அவருக்கு.

நிவேதிகாவின் முறை வந்தது. காவலாளி பெட்டியைக் காலால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினான். அவள் போனைக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள்.

"உப்புக்காற்று நான்தான்" என்றாள். கத்தவில்லை, ஆனால் தெருவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. "பேர் நிவேதிகா. எழுதினது எல்லாம் உண்மை. இனிப் போன் தரமாட்டன். வேலைக்கு விடுறதெண்டா விடுங்கோ."

"பிள்ளை, வீட்டை போங்கோ" என்றார் தம்பிராசா, இன்னும் சிரித்தபடி.

அவளுக்குப் பின்னால் நின்றவள் சுஹைரா. பூட்டை எடுத்து ஆயத்தமாகக் கையில் பிடித்திருந்த போனை அவளும் பைக்குள் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் கொஞ்சம் யோசித்தாள், பிறகு அவளும் வைத்தாள். எல்லோரும் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஆனால் வரிசை நின்றுபோனது. உரிக்க ஆளில்லாமல் இறால் வெயிலில் காத்திருக்காது. லொறிக்காரன் ஹோன் அடிக்கத் தொடங்கினான். வெயில் ஏற ஏறத் தம்பிராசாவின் சிரிப்பு கழன்றது. கடைசியில் காவலாளியிடம் ஏதோ உறுமினார், காவலாளி பெட்டியைத் தூக்கி மதிலுக்குப் பின்னால் வைத்தான். பெண்கள் உள்ளே போனார்கள்.

நிவேதிகாவை மட்டும் உள்ளே விடவில்லை. அவள் திரும்பி வீதியைக் கடந்தபோது குடைக்குக் கீழே நின்ற ஜெயரூபியைக் கண்டாள். நிற்காமல் போனாள்.

லோயரின் கடிதம் வரவில்லை. சட்டத்துக்குப் போனால் கந்தோரில் போன்களைத் திறந்த கதை நீதிமன்றத்துக்கு வரும் என்று யாரோ தம்பிராசாவுக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும். நீலப் பெட்டியும் திரும்ப வாசலுக்கு வரவில்லை. ஊரில் பாதி நிவேதிகாவைக் கெட்டிக்காரி என்றது, மற்றப் பாதி வாய்க்காரி என்றது. திருமலைக்குள் இருக்கிற எந்தப் பதனிடும் இடமும் அவளை எடுக்கவில்லை. மாதங்கள் போய் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது.

சுஹைரா ஒருநாள் போனுக்கு ரீலோட் போட வந்தபோது கேட்டாள், "என்ட ராத்தாவ நீங்க அழிச்சீங்க அக்கா. உங்கட சீனியம்மாவ ஆர் அழிக்கிற?" அவள் அதைக் கேட்ட விதத்தில் இரக்கம் இல்லை. ஜெயரூபி ரீலோட் போட்டுக் கொடுத்தாள்.

மருந்துக் கடைக்குக் கொடுக்க அடையாள அட்டைக் கொப்பி தேவைப்பட்டபோது நிவேதிகாவும் வந்தாள். சந்தியில் வேறு கொப்பிக் கடையும் இருக்கிறது. இங்கேதான் வந்தாள். ஜெயரூபி எழுந்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இதில ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ, ஜெயரூபி அக்கா" என்றாள் நிவேதிகா.

ஜெயரூபி அட்டையை வாங்காமல் நின்றாள். "நிவே, இஞ்ச ஒருத்தரும் இல்லை. நானும் நீயும்தான்."

"உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது எண்டு நீங்கள்தானே போட்டனீங்கள், அக்கா. உறவு தெரிஞ்சா ஆளும் தெரியும்."

ஜெயரூபி கொப்பியை எடுத்தாள். நிவேதிகா காசைக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, மேசையில் வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போனாள். இன்றைக்கும் அப்படித்தான். கோயிலில் கண்டால் அக்கா, கலியாண வீட்டில் கண்டால் அக்கா. பிரசாந்தினி ஒருமுறை அதட்டிப் பார்த்தும் அவள் மாறவில்லை.

உள்வீடு இன்னும் இருக்கிறது. முன்பைவிட இப்போது ஆட்கள் கூட. சிங்கங்களின் வீட்டுக்கு இனியாவது கதவைப் பூட்டச் சொல்லி இராகுலன் எத்தனையோ முறை சொல்லிவிட்டான். அவள் ஏதோ சாட்டுச் சொல்லித் தள்ளிப்போடுகிறாள். வாடிக்கையாளர் இல்லாத மத்தியானங்களில் ஜெயரூபி அந்த வீட்டுக்குப் போகிறாள். தன்னையும் தன் பிள்ளையையும் பற்றி எழுதியிருக்கிற ஊத்தையையெல்லாம் தள்ளிக்கொண்டு கீழே கீழே போகிறாள். அவர்கள் அழிக்காமல் வைத்திருக்கிற அந்த இரண்டு வரிகளில் தன்னுடையதை அவள் வாசிப்பதில்லை. அதற்குக் கீழே இருப்பதைத்தான் வாசிக்கிறாள்.

'ஓம் சீனியம்மா.'